எச்சரிக்கை கடைசி வீடு வரை போக வேண்டும்

(புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பிராட்பேண்ட் இணைப்பு. பிராட்பேண்ட் என்றதும் பலருக்கும் சினிமாவும் பாட்டும் நினைவுக்கு வரும். பிள்ளைகள் செல்போனை வைத்துக்கொண்டு விளையாடுவது நினைவுக்கு வரும். ஆனால் அதே இணைப்பு வழியாகத்தான் ஒரு நகரத்தின் மழை அளவு போகிறது. தீயணைப்பு வண்டிக்குத் தகவல் போகிறது. ஆபத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் குரல் போகிறது. ஆகவே அது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. அது உயிர் காக்கும் வழியும்கூட.

இதை விளக்க ஒரு நகரத்தின் கதை போதும். அந்த நகரம் மும்பை. தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று பல இடங்களில் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் நகரம்.

ஒரே நகரம், இரண்டு மழை

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள். செவ்வாய்க்கிழமை. மும்பை மக்கள் வழக்கம்போல் காலையில் வேலைக்குப் புறப்பட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். மழைக்காலம்தானே, குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நண்பகலுக்குப் பிறகு மழை கொட்டத் தொடங்கியது. நின்றபாடில்லை. 24 மணி நேரத்தில் சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதாவது 94 சென்டிமீட்டருக்கும் அதிகம். அது எவ்வளவு மழை? ஒரு மொட்டை மாடியில் விழுந்த தண்ணீர் கொஞ்சமும் வடியாமல் நின்றால், ஒரு பெரிய ஆளின் இடுப்பளவு வந்துவிடும். அவ்வளவு மழை!

அதே நாளில், அதே நகரத்தின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் பெய்த மழை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 73 மில்லிமீட்டர். மும்பை மழைக்காலத்தில் அது சாதாரணம். சாந்தாகுருஸுக்கும் கொலாபாவுக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான் தூரம். ஒரு பக்கம் வெள்ளம். மறுபக்கம் சாதாரண மழை.

அரசின் தலைமைச் செயலகமும் மாநகராட்சியின் தலைமை அலுவலகமும் எங்கே இருக்கின்றன? தெற்குப் பகுதியில். அங்கே சன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களுக்கு வழக்கமான மழைதான் தெரிந்தது. வடக்கே வீடுகள் மூழ்கிக்கொண்டிருந்தது தெரியவில்லை. அப்போது வானிலைத் துறைக்கு நகரில் இருந்த முக்கியமான மழை அளவு நிலையங்கள் இந்த இரண்டு மட்டுமே. நடுவில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று உடனுக்குடன் சொல்ல ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

மாலையில் அலுவலகம் விட்டது. வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே வெள்ளத்துக்குள் போனார்கள். ரயில்கள் நின்றன. பேருந்துகள் நின்றன. இரவு முழுவதும் லட்சக்கணக்கானோர் தண்ணீரில் நடந்தார்கள். காருக்குள் அடைபட்டு மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. சாக்கிநாக்காவில் குன்று சரிந்து வீடுகள் புதைந்தன. மித்தி ஆறு கரை புரண்டது. மின்சாரம் நின்றது. பல இடங்களில் தொலைபேசியும் செல்போனும் ஊமையாகிவிட்டன.

மும்பை நகரில் மட்டும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

"அலுவலகத்திலேயே இருங்கள். பள்ளியிலேயே பிள்ளைகளை வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகாதீர்கள்." இந்த மூன்று வாக்கியங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லோருடைய காதிலும் விழுந்திருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும். மழையைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் செய்தியைச் சொல்ல முடியும்.

வதந்தியும் கொல்லும்

அந்த வெள்ளத்தில் இன்னொரு சோகமும் நடந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 28ஆம் நாள் இரவு. ஜுஹு பகுதியில் நேரு நகர் என்ற குடிசைப் பகுதி. "அணை உடைந்துவிட்டது! சுனாமி வருகிறது! ஓடுங்கள்!" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சுனாமி தாக்கி ஏழே மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பயம் எல்லோர் மனத்திலும் இருந்தது. இருட்டில், குறுகிய சந்துகளில், மக்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நெரிசலில் சிக்கி 15 பேருக்கும் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

அணை உடையவில்லை. சுனாமி வரவில்லை.

26ஆம் தேதி உண்மைச் செய்தி வராததால் மக்கள் இறந்தார்கள். 28ஆம் தேதி பொய்ச் செய்தி வந்ததால் மக்கள் இறந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நம்பத் தகுந்த செய்தி, நேரத்தில், கடைசி வீடு வரை போய்ச் சேரவில்லை.

பிராட்பேண்ட் என்றால் என்ன?

ஒரு ஒற்றையடிப் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம். எதிரே மாட்டு வண்டி வந்தால் நிற்க வேண்டும். பழைய தொலைபேசிக் கம்பி அப்படித்தான். ஒரு குரல் போகும். அவ்வளவுதான்.

பிராட்பேண்ட் என்பது அகலமான பெரிய சாலை. குரல், எழுத்து, படம், வரைபடம் எல்லாம் ஒரே சமயத்தில், இரு பக்கமும் போகலாம், வரலாம். 'பிராட்' என்றால் அகலம் என்றுதான் பொருள்.

இந்தச் சாலை பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. ஆம், கண்ணாடிதான்! தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஒளியின் துடிப்புகள்தான் செய்தியைச் சுமக்கின்றன. தெருவைத் தோண்டிக் குழாய் போல எதையோ புதைக்கிறார்களே, அதற்குள் இந்த இழைகள் இருக்கும். இழை போய்ச் சேரும் டவரில் இருந்து செல்போன் வரைக்கும் செய்தி வானலையாகப் போகிறது.

2004ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று சொன்னது. 2023ஆம் ஆண்டு அந்த அளவு குறைந்தது 2 மெகாபிட் என்று உயர்ந்தது. ஏறக்குறைய எட்டு மடங்கு. பெரிய வெள்ளம் வந்தபோது இருந்த சாலைக்கும் இப்போது இருக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

மழையை எண்ணும் கருவிகள்

வெள்ளத்துக்குப் பிறகு மும்பை மாநகராட்சி ஒரு வேலை செய்தது. தீயணைப்பு நிலையங்கள் போன்ற கட்டிடங்களின் மாடிகளில் தானியங்கி மழை அளவுக் கருவிகளை வைத்தது. 2020க்குள் ஏறக்குறைய 60 இடங்களில் இந்தக் கருவிகள் வந்துவிட்டன. இவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எழுத வேண்டியதில்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு மழை பெய்தது என்று கருவியே செய்தி அனுப்பிவிடும்.

அந்தச் செய்தி எங்கே போகிறது? மாநகராட்சியின் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கே இரவும் பகலும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், போலீஸ், ரயில்வே எல்லாவற்றுக்கும் நேரடி இணைப்பு உண்டு. பொதுமக்களும் 1916 என்ற எண்ணில் அந்த அறையை அழைக்கலாம். கொலாபாவில் வெயில் அடித்தாலும், குர்லாவில் மழை கொட்டினால் அந்த அறைக்குத் தெரிந்துவிடும்.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் மும்பைக்காக ஒரு வெள்ள முன்னறிவிப்பு முறை தொடங்கப்பட்டது. 'ஐ-ஃப்ளோஸ்' என்பது அதன் பெயர். மழை, கடல் ஏற்றம், ஆற்று நீர், தெருக்களின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்தப் பகுதியில் தண்ணீர் ஏறக்கூடும் என்று முன்கூட்டியே சொல்ல முயல்கிறது. இத்தனை கணக்குகளும் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும் என்றால் அகலமான சாலை வேண்டும். அதுதான் பிராட்பேண்ட்.

ஒரே நாள், இரண்டு முடிவு

2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் மும்பையில் மறுபடியும் பெருமழை. குர்லாவில் மித்தி ஆற்றங்கரையில் கிராந்தி நகர் என்ற குடியிருப்பு இருக்கிறது. ஆற்று நீர் ஏறுவதைப் பார்த்து, அங்கிருந்த ஏறக்குறைய ஆயிரம் பேரை வேறு இடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

அதே நாளின் அதிகாலை இருட்டில், மலாடு பகுதியில் பிம்ப்ரிபாடா என்ற இடத்தில் ஒரு பெரிய சுற்றுச்சுவர் இடிந்து குடிசைகள்மேல் விழுந்தது. 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரே நகரம். ஒரே மழை. ஓரிடத்தில் மக்கள் தப்பினார்கள். இன்னோர் இடத்தில் இறந்தார்கள். ஏன்? ஆறு ஏறுவதைக் கண்காணித்தார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியதை யாரும் கண்காணிக்கவில்லை.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும், கேட்டதைத்தான் சொல்லும். அளந்ததைத்தான் காட்டும். அளக்காததைக் காட்டாது. எந்த இடம் ஆபத்தான இடம் என்று அங்கே வாழ்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, சாக்கடை அடைத்திருக்கிறது, மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்பதை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை எழுதிக் கொடுக்க வேண்டும். போன் செய்து சொல்ல வேண்டும். எழுதக் கற்ற கைக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன?

112: ஒரே எண்

முன்பெல்லாம் போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்று தனித்தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் எந்த எண் எதற்கு என்று மறந்துபோகும். இப்போது நாடு முழுவதற்கும் அவசர எண் 112. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களின் பாதுகாப்புக்காக நிர்பயா நிதி ஏற்படுத்தப்பட்டது. அந்த நிதியில் இருந்துதான் இந்த 112 திட்டத்துக்குப் பணம் வந்தது. 2018ஆம் ஆண்டு நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் முதலில் தொடங்கியது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்.

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்து. இரவு மணி பதினொன்று. ஒரு வீட்டில் தீப்பிடிக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா செல்போனை எடுத்து 112 என்று அழுத்துகிறார். அவருக்குத் தெரிந்த இந்தியில் பேசுகிறார். பேச்சு இப்படிப் போகிறது.

"112. என்ன உதவி வேண்டும் அம்மா?"

"தீ ஐயா! பக்கத்து வீட்டில் தீ!"

"எந்த இடம் அம்மா?"

"தாராவி. 90 அடி சாலை. பிள்ளையார் கோயில் பக்கத்துச் சந்து."

"உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

"எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு பெரியவருக்குக் கையில் தீக்காயம்."

"சந்துக்குள் வண்டி வருமா?"

"வராது ஐயா. என் மகன் சாலை முனையில் நிற்பான்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே, அழைப்பு எங்கிருந்து வருகிறது என்ற விவரம் டவர் மூலமாக அங்கே வரைபடத்தில் தெரிகிறது. பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறது என்று திரையில் தெரிகிறது. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரே சமயத்தில் செய்தி போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரைபடம் புள்ளியை மட்டும்தான் காட்டும். வீட்டுக்கு மேல் வீடாகக் கட்டிய சந்தில், கீழ் வீடா மாடி வீடா என்று வரைபடத்துக்குத் தெரியாது. புள்ளியும் சில சமயம் தள்ளி விழும். ஆகவே அந்த அம்மா சொன்ன கோயிலும், சாலை முனையில் நின்ற மகனும்தான் வண்டியை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கிறார்கள்.

112ஐ அழைக்கும்போது நான்கு விவரங்களைச் சொன்னால் போதும். எங்கே? என்ன நடந்தது? எத்தனை பேருக்கு ஆபத்து? வண்டி எதுவரை வரும்? கேள்வி கேட்பவர் "வையுங்கள்" என்று சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது.

பேச முடியாத நிலை வந்தால்? அதற்கும் வழி உண்டு. 2017ஆம் ஆண்டில் இருந்து இந்தியாவில் விற்கும் செல்போன்களில் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பொத்தான் வைத்த சாதாரண போனில் 5 அல்லது 9ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். தொடுதிரை போனில் பவர் பொத்தானைத் தொடர்ந்து மூன்று முறை அழுத்த வேண்டும். சில புதிய போன்களில் முறை மாறியிருக்கலாம். ஆகவே வீட்டில் உள்ள போனில் எது என்று பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விளையாட்டுக்கு 112ஐ அழைக்கக் கூடாது. ஒரு பொய் அழைப்பு ஒரு வண்டியை வேறு பக்கம் இழுத்துவிடும். அதே நேரத்தில் உண்மையான ஆபத்தில் இருப்பவர் காத்திருப்பார்.

கோயில் மணி போல ஓர் எச்சரிக்கை

2023ஆம் ஆண்டு பல ஊர்களில் ஒரு வேடிக்கை நடந்தது. மக்கள் கையில் இருந்த செல்போன்கள் திடீரென்று ஒரே சமயத்தில் பெரும் சத்தத்துடன் அலறின. திரையில் ஒரு செய்தி வந்தது. பலர் பயந்துபோனார்கள். போனைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தச் செய்தியிலேயே, இது சோதனைச் செய்தி, எதுவும் செய்யத் தேவையில்லை என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள். படிக்காதவர்கள் கலங்கினார்கள்.

அது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சேர்ந்து செய்த சோதனை. சாதாரணக் குறுஞ்செய்தி தபால்காரர் போன்றது. ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போய்க் கொடுக்கும். லட்சம் பேருக்கு என்றால் நேரம் பிடிக்கும். நெரிசலில் மாட்டிக்கொள்ளும். இந்தப் புதிய முறை கோயில் மணி போன்றது. டவர் ஒருமுறை ஒலித்தால், அந்தப் பகுதியில் உள்ள எல்லாப் போனிலும் ஒரே சமயத்தில் செய்தி விழும். யாருடைய எண்ணும் டவருக்குத் தேவையில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் போனிலும் விழும். மாநில மொழிகளில் செய்தி அனுப்பவும் இதில் வழி உண்டு.

2005 ஜூலை 26 அன்று இந்த மணி இல்லை. இருந்திருந்தால் பிற்பகலிலேயே ஒலித்திருக்கலாம்.

ஆனால் மணி ஒலித்தால் மட்டும் போதுமா? என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சொல்ல வேண்டும். போனே இல்லாத வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

காமிராவின் கண்

2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். 166 பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகு நகரம் முழுவதும் காமிரா வைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பல ஆண்டுகள் இழுத்து, 2016ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டம் செயலுக்கு வந்தது. ஏறக்குறைய 1,500 இடங்களில் 4,700 காமிராக்கள். அந்தப் படங்கள் எல்லாம் கண்ணாடி இழை வழியாகப் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன. விபத்து நடந்த இடம், தண்ணீர் தேங்கிய சாலை, காணாமல் போன குழந்தை போன வழி என்று பலவற்றுக்கும் அவை உதவக்கூடும்.

காமிரா எல்லோரையும் பார்க்கிறது. திருடனையும் பார்க்கிறது, தெருவில் போகும் சாதாரணப் பெண்ணையும் பார்க்கிறது. அந்தப் படத்தை யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? இதைக் கேட்பதில் தவறில்லை. 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். பாதுகாப்பும் வேண்டும். மரியாதையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல நகரம்.

இணைப்பு அறுந்தால்?

டவருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். வெள்ளத்தில் ஜெனரேட்டர் மூழ்கினால் டவர் மௌனமாகிவிடும். சாலை தோண்டுகிறவர்கள் கவனம் இல்லாமல் இழையை அறுத்துவிட்டாலும் இணைப்பு போய்விடும். எல்லோரும் ஒரே சமயத்தில் பேச முயன்றாலும் நெரிசல் வந்துவிடும்.

அதனால் பேரிடர்க் காலத்தில், ஒரு கம்பெனியின் டவர் விழுந்தால் இன்னொரு கம்பெனியின் டவர் வழியாகப் பேசிக்கொள்ள அரசு ஏற்பாடு செய்கிறது. வீட்டில் உள்ளவர்களும் சில ஏற்பாடுகளைச் செய்து கொள்ளலாம்.

மழை வரும் என்று தெரிந்தால் முன்பே போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். முக்கியமான எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உயரமான இடத்தில் வைக்க வேண்டும். "வீட்டை விட்டுப் போனால் அட்டை போய்விடுமே" என்ற பயத்தால்தான் பலர் கடைசி நேரம் வரை நகர மறுக்கிறார்கள். பை கையில் இருந்தால் கால் தானே நகரும். ஆபத்துக் காலத்தில் நீண்ட நேரம் அரட்டை பேசாமல், சுருக்கமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பேச்சு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி நுழைந்து போய்விடுவது உண்டு.

உண்மைச் செய்தியா, வதந்தியா?

நேரு நகரில் அன்று வதந்தி வாய் வழியாகப் பரவியது. சந்து முழுவதும் பரவ அதற்குச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தது. இன்று அதே வதந்தி பிராட்பேண்ட் வழியாக ஒரு நிமிடத்தில் நகரம் முழுவதும் பரவும். நல்ல சாலையில் நல்லவரும் போகலாம், திருடரும் போகலாம்.

ஒரு செய்தி வந்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அனுப்பியது யார்? அதில் தேதியும் இடமும் இருக்கின்றனவா? என்ன செய்யச் சொல்கிறது? அரசின் எச்சரிக்கையில் இடம், நேரம், செய்ய வேண்டியது மூன்றும் தெளிவாக இருக்கும். "உடனே இருபது பேருக்கு அனுப்புங்கள்" என்று அது கெஞ்சாது. பணம் கேட்காது. வங்கியின் ரகசிய எண்ணைக் கேட்காது. கேட்டால் அது மோசடி. மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் பிறருக்கு அனுப்பக் கூடாது. மும்பையில் இருப்பவர் 1916ஐ அழைத்துக் கேட்கலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சி அல்லது மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாட்டு அறை எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கலாம்.

கடைசி நூறு அடி

வானிலை நிலையத்தில் இருந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி கண் மூடித் திறப்பதற்குள் போகிறது. அங்கிருந்து டவருக்குப் போகிறது. டவரில் இருந்து கைப்பேசிக்குப் போகிறது. பல கிலோமீட்டர் தூரத்தை ஒளி கடந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கடைசி நூறு அடி. போன் உள்ள வீட்டில் இருந்து போன் இல்லாத வீட்டுக்கு நூறு அடி. படிக்கத் தெரிந்தவரிடம் இருந்து தெரியாதவருக்கு நூறு அடி. அந்த நூறு அடியைக் கம்பி கடக்காது. மனிதர்தான் கடக்க வேண்டும்.

ஒவ்வொரு சந்துக்கும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் காது கேளாதவர் இருக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எச்சரிக்கை வந்ததும் முதலில் அந்தக் கதவுகளைத் தட்டலாம். சேர வேண்டிய பள்ளிக்கூடம் எது, போகும் வழி எது என்று மழைக்கு முன்பே பேசி முடிவு செய்யலாம்.

எச்சரிக்கை மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. சாக்கடையைத் தூர் வார வேண்டும். ஆற்றங்கரையில் குப்பை கொட்டக் கூடாது. ஆபத்தான இடத்தில் வாழ்பவர்களுக்கு நல்ல வீடு வேண்டும். அவற்றைக் கேட்பது மக்களின் உரிமை. செய்வது அரசின் கடமை. ஆனால் அந்த நாள் வரும்வரை, நேரத்தில் வரும் ஓர் உண்மைச் செய்திதான் ஏழையின் குடை.

படிக்கக் கற்றவர் ஒருவர் தெருவில் இருந்தால், அந்தக் குடை தெரு முழுவதற்கும் விரியும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டு இந்த உரை முடிகிறது. 

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் மழைக்காலத்தில் ஆபத்தான இடம் எது? அதைப் பற்றி யாருக்கு எழுத வேண்டும்?

2. 112ஐ அழைத்தால் உங்கள் வீட்டுக்கு என்ன அடையாளம் சொல்வீர்கள்? ஒரு வரியில் எழுதுங்கள்.

3. உங்கள் சந்தில் போன் இல்லாத வீடுகள் எத்தனை? எச்சரிக்கை வந்தால் அங்கே யார் போய்ச் சொல்வது?

4. வதந்தி என்று பின்னால் தெரிந்த ஒரு செய்தியைப் பற்றிப் பேசுங்கள். அது எப்படிப் பரவியது?